தப்பியோடுவது சுடப்படுவதற்குரிய குற்றமல்ல

நிற்குமாறு பணித்தும் நிற்காமல் சென்றமையாலேயே துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேர்ந்தது என்ற விளக்கம் இந்நாட்டு மக்களுக்குப் புதியதன்று. 2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பலியானபோது, அது விபத்தென்றே முதலில் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் வெளிப்பட்ட பின்னரே ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டனர். 2024 ஜனவரியில் நாரம்மலையில், சிவில் உடையிலிருந்த பொலிஸ் அதிகாரியின் சூட்டுக்கு லொறிச் சாரதி ஒருவர் இரையானார். நிறுத்தாமல் சென்றார் என்பதே அங்கும் சொல்லப்பட்டது. இது ஓரினத்தின் துயரம் மட்டுமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பொலிஸாரின் சட்டபூர்வமான கட்டளையை மீறி வாகனத்தைச் செலுத்துவதும், கைதுக்குத் தடையேற்படுத்துவதும் குற்றங்களே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கான தண்டனையை நீதிவான் விதிக்க வேண்டுமேயன்றி, வீதியில் நிற்கும் கான்ஸ்டபிள் விதிக்க முடியாது. கைதைத் தவிர்க்க முயல்பவர் மீது நியாயமான அளவு பலத்தைப் பிரயோகிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதே பிரிவு, அதியுயர் தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையைத் தரவில்லை. தலைக்கவசமின்றியோ சாரதி அனுமதிப்பத்திரமின்றியோ சென்று, அபராதத்துக்குப் பயந்து ஓடும் இளைஞன் எந்த அளவுகோலிலும் இதற்குள் அடங்கமாட்டான்.

நடைமுறையிலோ, அடிபட்டவர் மீதே முதலில் வழக்குப் பதியப்படுகிறது. கடமைக்கு இடையூறு விளைவித்தார் என்ற குற்றச்சாட்டு, அவரது முறைப்பாட்டை வாபஸ் பெறச் செய்வதற்கான பேரம்பேசும் பொருளாகிவிடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திவிட்டு வீடு செல்லுமாறு உறவினர்களே புத்திமதி கூறுகின்றனர். அந்த ஒப்புதலே பின்னர் அவருக்கு எதிராகத் திருப்பப்படும் என்பதை எடுத்துச் சொல்ல அருகில் சட்டத்தரணி எவரும் இருப்பதில்லை. ஓடினார் என்பது நிரூபிக்கப்பட்டாலும் அவரைத் தாக்கியது சட்டபூர்வமாகிவிடாது. அவை இரண்டும் வெவ்வேறு வழக்குகள்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. சித்திரவதையிலிருந்தும் கொடூரமான நடத்துகையிலிருந்தும் பாதுகாக்கும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையின் கீழ், 126 ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் அவரது மனைவி வழக்கைத் தொடரலாம் என்பதும், உயிர் வாழும் உரிமை 13(4) ஆம் உறுப்புரையில் உட்கிடையாக உள்ளது என்பதும் பயாகலை பொலிஸ் தடுப்பில் நிகழ்ந்த மரணம் தொடர்பான வழக்கில் ஏற்கப்பட்டுள்ளன. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டால் ஆகக்குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆனால் அதற்கான குற்றப்பத்திரிகையைச் சட்டமா அதிபரே தாக்கல் செய்ய வேண்டும்.

மக்கள் தவறவிடுவது காலத்தையே. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி கணக்கில் கொள்ளப்படாது. ஆயினும் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் வைத்திருப்பது போதாது, விசாரணை உண்மையில் நடைபெறுவதைக் காட்ட வேண்டுமென உயர் நீதிமன்றம் பிற்காலத் தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது. ஆணைக்குழுவின் தாமதத்துக்குப் பாமரன் பொறுப்பேற்கும் இந்நிலை நமக்கு நியாயமாகப் படவில்லை.

2020 மே மாதம் தர்கா நகரில், ஊரடங்கு வேளையில் சைக்கிளில் வந்த ஒட்டிசம் உடைய 14 வயதுச் சிறுவனைப் பொலிஸார் தாக்கிய சம்பவம் நினைவிருக்கலாம். கட்டளையைப் புரிந்துகொள்ள இயலாதவரும், மொழி தெரியாதவரும், முன்னைய அனுபவத்தால் அஞ்சியவரும் நிற்காமல் போகக்கூடும். சிங்களத்தில் மட்டும் உரக்கக் கத்தப்படும் கட்டளையைக் கேட்டு எத்தனை பேர் மிரண்டிருப்பார்களோ!

காயமடைந்தவர் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, சட்ட வைத்திய அதிகாரியிடம் நடந்ததை நடந்தவாறே கூற வேண்டும். பயத்தினால் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லும் ஒரு வார்த்தை மருத்துவ அறிக்கையில் ஏறிவிட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றில் முதலில் வாசிப்பது அதைத்தான்.