மிதித்தால் மாறும் நாதம்

“என் பெண் கிதார் வாசிக்கிறாள். சந்தோஷந்தான். ஆனால் இப்போது கிதார் மட்டும் போதாதாம். காலடியில் வைத்து மிதிக்க ஒன்பது பெட்டிகள் வேண்டுமாம். ஜாபிதாவே எழுதிக் கொடுத்துவிட்டாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. கொடுக்கலாமா, கூடாதா? அவள் அப்பாவோ, ‘இந்த இரைச்சலுக்கு ஒரு காசு தரமாட்டேன்’ என்கிறார்” என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்வி. வீணை வாங்குவதென்றால் நாலு பேரிடம் விசாரித்துவிடலாம். இந்தப் பெட்டி சமாசாரத்தை யாரிடம் போய்க் கேட்பது? கடைக்காரரிடம் கேட்டால் ஒன்பதோடு பத்தாவதையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். ஆகையால் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கொடுங்கள், ஒன்பதுக்கு அல்ல, இரண்டுக்கு. உங்கள் பெண் ஆசைப்படுவது 1960-களிலும் 70-களிலும் வந்த ராக் இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தப் பழைய நாதத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தட்டுகளை வாசித்தவர்களில் பெரும்பாலோரிடம் ஒன்பது பெட்டிகள் இருந்ததே இல்லை.

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மின்சாரக் கிதாரில் தந்திகளுக்குக் கீழே காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அது கம்பி வழியே ஆம்ப்ளிஃபயருக்குப் போய், பெரிதாகி, ஸ்பீக்கரில் ஒலிக்கும். போகிற வழியில் மறித்து நின்று ஒலியைக் கொஞ்சம் மாற்றி அனுப்புவதுதான் பெடல். வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருப்பதால் காலால் மிதித்துப் போடவும் நிறுத்தவும் வேண்டியிருக்கிறது. நம் தையல் மெஷினுக்கு மிதி வைத்த அதே யோசனை!

‘இரைச்சல்’ என்று அந்த அப்பா சொன்னாரே, அது பாதி உண்மை. இந்த நாதம் பிறந்ததே ரிப்பேரான சாமான்களிலிருந்துதான். 1961-ல் அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொர்ரி’ என்ற பாட்டு வெளியாயிற்று. நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோவில் அதை ஒலிப்பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த தந்தி வாத்தியத்தின் ஒலி, பழுதான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய்க் கரகரவென்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். அவர்கள் அதை அப்படியே தட்டில் விட்டுவிட்டார்கள், பாட்டும் பிரபலமாகிவிட்டது. அந்த ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராக இருந்த க்ளென் ஸ்நாடி, அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க டிரான்ஸிஸ்டர்களை வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்தார். கிப்ஸன் கம்பெனி அதை 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டு வந்தது. (ஃபஸ் என்றால் நாம் ஏறுகிற பஸ் இல்லை, கரகரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் அதை வாங்க ஆள் இல்லை. கிதாரை எக்காளம் போலவும் இன்னும் பல வாத்தியங்கள் போலவும் ஒலிக்க வைக்கும் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் ஊதுவாத்தியங்கள் வரவேண்டிய இடத்துக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியைப் போட்டு வாசித்து வைத்தார். ஊதுவாத்தியங்கள் வரவே இல்லை. அடையாளத்துக்கு வாசித்ததே தட்டாகி உலகமெல்லாம் சுற்றியது. அந்த வருஷம் முடிவதற்குள் கடைகளில் பெட்டி கிடைக்காமல் போயிற்று என்றால் பாருங்களேன்!

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. கிங்க்ஸ் என்ற குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறிவிட்டார். 1964-ல் வந்த ‘யூ ரியலி காட் மீ’ என்ற தட்டில் கேட்கிற உறுமல் அந்தக் கீறலின் உறுமல். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்தக் கரகரப்பில் காதுக்கு இதமாக என்ன இருக்கிறது என்கிறீர்களா? தந்தியின் ஒலி அலை மலைபோல் ஏறி இறங்குகிறது. பெட்டிக்குள்ளே ஓர் எல்லைக்கு மேல் ஏற இடமில்லை. உச்சி சீவப்பட்டு மைதானமாகிவிடுகிறது. சீவப்பட்ட அலையிலிருந்து மேல்ஸ்தாயி இழைகள் பல புதிதாகக் கிளம்புகின்றன. அது மட்டுமல்ல, தந்தியின் அதிர்வு குறையக் குறைய ஒலியும் தேய வேண்டுமல்லவா? சீவிய மட்டத்துக்கு மேல் அது இருக்கிற வரையில் ஒலி தேய்வதே தெரியாது. பிடிலின் வில்லைப் போல் ஸ்வரம் நீண்டு நிற்கும். தம்பூராவின் குதிரையில் நூலை நகர்த்தி ‘ஜீவா’ பிடிக்கிறோமே, அந்த ரீங்காரத்தை ரசிக்கிற காதுக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே, வாங்க வேண்டிய முதல் பெட்டி கரகரப்புப் பெட்டி. ஆனால் இதில் இரண்டு ஜாதி உண்டு. கடைக்குப் போகுமுன் உங்கள் பெண்ணிடம், “உனக்கு உயிரான மூன்று பாட்டுகளைச் சொல்” என்று கேளுங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல் வாசித்த பாட்டுகளைச் சொன்னால் அவளுக்கு வேண்டியது ஃபஸ். ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற வட்டப் பெட்டி. லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி 1966-ல் கொண்டு வந்தது. உள்ளே இரண்டே டிரான்ஸிஸ்டர்கள், கைவிரல்களால் எண்ணக்கூடிய சில்லறைச் சாமான்கள், அவ்வளவுதான். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் 1979-ல் ‘கம்ஃபர்ட்டப்ளி நம்’ பாட்டில் வாசித்த நீண்ட தனிக் கிதார் வேண்டுமென்றால் ‘பிக் மஃப்’. இது நியூயார்க்கில் 1969-ல் பிறந்தது.

அப்படியல்லாமல் அடர்த்தியாக, கொஞ்சம் மட்டும் முறுகின நாதம் என்றால் அது பெரும்பாலும் பெட்டியிலிருந்து வந்ததே இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரை முழு அளவுக்குத் திருகி வைத்ததால் வந்தது. லண்டன் ஹான்வெல் பகுதியில் மிருதங்கமல்ல, டிரம் விற்றுக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் செய்ய ஆரம்பித்த ஆம்ப்ளிஃபயர்கள் இதற்குப் பேர்போனவை. அடுக்கு மாடிக் குடியிருப்பில் அதைத் திருகினால் அன்று மாலையே மேல்வீட்டு மாமி கீழே இறங்கி வந்துவிடுவார். அந்த முறுகலை மெதுவான சத்தத்திலும் ஓரளவு கொடுப்பதற்காக வந்ததுதான் ‘ஓவர்டிரைவ்’ பெடல். ஜப்பானில் 1970-களின் கடைசியில் வந்த பச்சை நிற ‘ட்யூப் ஸ்க்ரீமர்’ இன்றும் விற்கிறது. ஆக ஃபஸ், ஓவர்டிரைவ் இரண்டில் ஒன்று. இரண்டுமே இப்போது வேண்டாம்.

ஃபஸ் வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. பழைய மாதிரியில் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் இருக்கும். அதுதான் உசத்தி என்று பெண் அடம் பிடிக்கலாம். நாதம் மிருதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மானியம் உஷ்ணத்துக்கு வாடுகிற ஜாதி. வெயில் ஏறினால் உள்ளே மின்னோட்டம் தடம் மாறி ஒலி துண்டு துண்டாகத் தெறிக்கும். லண்டன் குளிருக்கு அது சரி. நம் சித்திரை மாதத்து மாடி அறைக்கு ஸிலிக்கன் டிரான்ஸிஸ்டர் போட்டதையே வாங்குங்கள். ஹெண்ட்ரிக்ஸும் பிற்பாடு ஸிலிக்கனுக்கு மாறியவர்தான். அறுபதுகளில் செய்த அசல் பெட்டிதான் வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பழம்பொருள் சேகரிப்பவர்கள் விலை. அதே சுற்றமைப்பில் செய்த புதுப் பெட்டி சின்னத் தொகைக்குக் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குவீன் குழுவின் பிரையன் மே சிறுவனாக இருந்தபோது நல்ல மின்சாரக் கிதார் வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா மின்னணுக் கருவிகள் அறிந்த எஞ்சினியர். 1963-ல் அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து தாங்களே ஒரு கிதார் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் போல் ஆயிற்று. பழைய கணப்படுப்பின் மேல் சட்டத்து மரம் கிதாரின் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் உள்ளே போயிற்று. விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்! கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசி! அந்தக் கிதாரைத்தான் அவர் உலக மேடைகளில் எல்லாம் வாசித்தார். அவருடைய புகழ்பெற்ற நாதத்துக்கு அடிப்படை என்ன தெரியுமா? இந்தக் கிதார், வாக்ஸ் கம்பெனி வால்வு ஆம்ப்ளிஃபயர், நடுவே மேல்ஸ்தாயியைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும் ஒரே ஒரு சின்னப் பெட்டி. மீட்டுவதற்கு ஒரு பழைய ஆறு பென்ஸ் நாணயம். இவ்வளவும் செய்தவர் 2007-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியல் இயற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். படிப்புக் கெட்டுப்போகும் என்று பயப்படுகிற அப்பாக்களுக்காக இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது பெட்டி எதிரொலி. இது இல்லாவிட்டால் பழைய தட்டின் விசாலம் வராது. 1950-களில் மெம்ஃபிஸ் நகரத்து ஸன் ஸ்டூடியோவில், ஒலிப்பதிவான நாடா பதிகிற முனையிலிருந்து கேட்கிற முனைக்கு நகரும் அந்தக் கண நேரத் தாமதத்தையே எதிரொலியாக உபயோகித்தார்கள். பிறகு அதையே பெட்டியாகச் செய்தார்கள்: லண்டனில் 1958-ல் ‘காப்பிகாட்’, இத்தாலியில் ‘பின்ஸன் எக்கோரெக்’. இந்த இத்தாலியப் பெட்டியில் நாடாவுக்குப் பதில் சுழலும் காந்தத் தட்டு. பிங்க் ஃப்ளாய்டின் 1971-ம் வருஷத்துப் பாட்டுகளில் அது ஒலிக்கிறது. இப்போது நாடாவும் தட்டும் இல்லாமல் உள்ளங்கை அளவுப் பெட்டியிலேயே அந்த வேலை நடக்கிறது. தாமதத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கு வைத்து ஒரே ஒரு மறுமொழி வரவிட்டால் ஐம்பதுகளின் துள்ளல் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கூட்டினால் எழுபதுகளின் ஆகாயம். ஜாபிதாவில் எதிரொலி மட்டும் மூன்று இருக்கிறதே, அம்மா, ஒன்று போதும்.

மற்றவை? ‘வா-வா’ பெடல் 1966-ல் காலிஃபோர்னியாவில் ஓர் ஆர்கன் கம்பெனியில் பிராட் ப்ளங்கெட் என்ற எஞ்சினியர் செய்தது. மிதியைச் சாய்க்கச் சாய்க்கக் குழந்தை அழுவது போல் ஒலி திறந்து மூடும். அடுத்த பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். ‘யூனி-வைப்’ என்பது ஜப்பானில் ஃபுமியோ மியெடா செய்தது. உள்ளே ஒரு சின்ன பல்பு மின்னி மின்னி அணைய, சுற்றியுள்ள ஒளி உணரும் கண்கள் நாதத்தை அலையாட வைக்கும். அழகுதான், அவசரமில்லை. ஒரே பெட்டியில் நூறு ஒலிகள் என்று விற்கிறார்களே, தன் ஆசை இன்னதென்று தெரியாத பிள்ளைக்கு அது உத்தமம். உங்கள் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகையால் அது வேண்டாம்.

கடைக்குப் போகும்போது அவளுடைய கிதாரையே எடுத்துக்கொண்டு போங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: கிதாரிலிருந்து நேராகக் கரகரப்பு, அதன் பின் எதிரொலி, கடைசியில் ஆம்ப்ளிஃபயர். மாற்றி வைத்தால் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். ஃபஸ் ஒலித்துக்கொண்டிருக்கும்போது கிதாரில் இருக்கும் சத்தக் குமிழை மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். கரகரப்பு விலகி ஒலி தெளிந்து வந்தால் நல்ல பெட்டி. காதில் மாட்டும் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு ஃபஸ்ஸை மதிப்பிட வேண்டாம். ஸ்பீக்கர் தானாகவே வடிகட்டும் கூர்மையான மேல் ஒலிகள் ஹெட்ஃபோனில் அப்படியே வந்து தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும்.

மின்சாரச் சங்கதியில் மட்டும் அம்மா கூட நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட். அடாப்டரிலும் 9 என்றே இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் கணக்கு பெடலுக்கு வேண்டியதைவிட அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. செருகியின் நடுவே மைனஸா பிளஸ்ஸா என்று இரண்டு வட்டங்கள் போட்ட சின்னப் படம் இருக்கும். பெட்டியிலும் அடாப்டரிலும் அது ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலும் நடுவே மைனஸ்தான். ஆனால் பழைய மாதிரி ஃபஸ்களில் சில தலைகீழ். அவற்றை மற்றப் பெட்டிகளோடு ஒரே அடாப்டரில் சேர்க்காமல் பாட்டரியில் ஓட்டுவதே பத்திரம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால் அடாப்டர் நம் ஊர் 230 வோல்ட்டைத் தாங்குமா என்று முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட்தான்.

பாட்டரியில் ஓட்டினால் இன்னொன்று. வாசித்து முடித்ததும் கிதார்க் கம்பியைப் பெட்டியிலிருந்து உருவி வைக்கச் சொல்லுங்கள். மிதித்து நிறுத்தினால் மட்டும் போதாது. கம்பி செருகியிருக்கிற வரையில் உள்ளே பாட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் பெட்டி மூச்சு விடாது.