ஓட்டுரிமை சர்க்கார் போடும் பிச்சையல்ல!

1946-ல் சென்னைச் சட்டசபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்கள். கூலிக்காரனுக்கு ஓட்டு இல்லை. அந்தச் சட்டசபையின் பலத்தில்தான் ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949-ல் முதன் மந்திரியானார். 1952-ல் வயது வந்த அனைவரும் ஓட்டுப் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதன் மந்திரியே தோற்றார்! ஏழையின் கைக்கு வந்த சீட்டின் வலிமை அது.

அந்தச் சீட்டின் மீதுதான் 2025-ல் கை வைத்தார்கள். தேர்தல் கமிஷனின் 'சிறப்புத் தீவிரத் திருத்தம்' நவம்பர் 4-ல் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை! இறந்தவர் பெயரை நீக்கட்டும், இரட்டைப் பதிவை அடிக்கட்டும், யார் தடுத்தது? ஆனால் உயிரோடிருப்பவன் இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் தன் வேரைத் தேடிக் காட்ட வேண்டுமாம்! மில் ஷிப்டுக்குப் போனவள், வாடகை வீடு மாறியவன், சத்திரப்பட்டித் தறித் தொழிலாளி – வீட்டில் இல்லையென்றால் நாட்டிலேயே இல்லையா? பங்களாக்காரன் வாடகைக்கு அலைவதில்லை. இந்தச் சல்லடையில் சிக்குவது ஏழைதான்.

பட்டியலில் ஏற்கெனவே இருப்பவரை முறையான விசாரணையின்றி நீக்கலாகாது என்று 1995-லேயே லால் பாபு ஹுசைன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நீக்குகிறவன் காரணம் காட்டட்டும். குடிமகன் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

தோழர்களே! தெருத்தெருவாகப் பட்டியலை உரக்கப் படியுங்கள். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் 6-ம் நம்பர் படிவம் நிரப்பிக் கொடுங்கள். 1952-ல் வந்த உரிமையை ஒரு பெயர்கூடக் குறையாமல் காப்போம்!