தலைவிதியா, சட்டவிதியா?

வெள்ளம் வந்தால் விதி, தீப்பற்றினால் விதி, நச்சுக்காற்று பரவினால் அதுவும் விதி! நெற்றியில் எழுதியது நடந்தே தீரும் என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் மக்கள் ஒருபுறம். அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்து, கோப்பை மூடிக் கட்டிவைக்கும் அலுவலகங்கள் மறுபுறம். பழியைச் சுமக்க விதி என்ற ஊமை இருக்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் வாய் திறப்பானேன்?

நாம் இன்று எடுத்துப் பேசுவது வேறொரு விதி. நெற்றியில் எழுதப்பட்டதல்ல அது. அரசிதழில் அச்சேறி, ஆண்டுகள் பல உருண்டோடியும், ஊராரின் செவியை இன்னும் எட்டாத சட்டவிதி!

குன்றத்தூரைப் பாருங்கள். சேக்கிழார் பிறந்த ஊர் என்று புலவர் போற்றுவர். குன்றின் மேல் குமரன் கோயில் என்று பக்தர் போற்றுவர். அந்தக் குன்றின் அருகே நீர்க்கடலெனப் பரந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிறைந்து மதகு திறந்தால், உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு வழியே ஓடித் திருநீர்மலையருகே அடையாற்றில் கலக்கும். மேற்கே திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் — காரும் கைப்பேசியும் பிறந்து உலகெங்கும் செல்லும் ஆலைக் காடு. ஒரு தோளில் நீர், மறு தோளில் நெருப்பு. இரண்டையும் சுமந்து நிற்கும் ஊர் இது. இந்த ஊருக்கு ஆபத்து வரும் வழி தெரியாதா? தெரியும். வந்தால் செய்ய வேண்டியது தெரியுமா? அதுதான் கேள்வி.

2015 டிசம்பர் 1 அன்று வானம் பிளந்து கொட்டியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது, உறங்கியவர் பலர் உயிரிழந்தனர். 2018 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, நீர் திறப்பில் நேர்ந்த குறைகளைச் சுட்டி, அதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. அரசுத் தரப்போ, எச்சரிக்கை முறைப்படி விடப்பட்டது என்றது.

விடப்பட்டது — சரி. போய்ச் சேர்ந்ததா? ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போன தாள், ஆற்றோரக் குடிசையின் கதவைத் தட்டுமா? கேட்க வேண்டியவன் காதில் விழாத எச்சரிக்கை, எச்சரித்தவரைக் காக்கும் கவசமே தவிர, வெள்ளத்தில் நிற்பவனைக் காக்கும் தோணி ஆகாது!

"மழையைத் தடுக்க மனிதனால் முடியுமா?" என்று கேட்பவர் உண்டு. முடியாது என்பதை ஒப்புகிறோம். மழையை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. நேரம் தரும்படி கேட்கிறோம். கிழவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற ஒரு மணி நேரம். கன்றுகாலியை அவிழ்த்துவிட அரை மணி நேரம். பேரிடர் மேலாண்மை என்னும் துறை கற்பிக்கும் பாடம் நான்கு: ஆபத்தின் வேகத்தைக் குறைத்தல், முன்கூட்டியே ஆயத்தமாதல், வந்தபோது மீட்டல், வந்துபோன பின் வாழ்வைத் திருத்தி அமைத்தல். நம் நாட்டில் மூன்றாவதற்குப் படகு உண்டு. நான்காவதற்கு நிவாரணப் பொட்டலம் உண்டு. முதல் இரண்டுக்கோ நிழற்படம் எடுப்பார் இல்லை. ஆதலால் நினைப்பாரும் இல்லை!

செய்ய முடியாததா இது? 2020 நவம்பர் 25, நிவர் புயல் நாள். ஏரி 22 அடியைத் தொட்டபோது, முன்னறிவிப்புத் தந்து, நண்பகலில், நொடிக்கு 1,000 கன அடியாகத் திறப்பு தொடங்கியது. மழையின் அளவு அன்று வேறு என்பது உண்மையே. ஆயினும் பகலில் சொல்லிப் படிப்படியாகத் திறக்கும் ஆற்றல் அதே மதகுக்கு உண்டு என்பதும் உண்மைதானே?

அமெரிக்கர் 2001 தாக்குதலுக்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனத் தனித் துறை கண்டனர். பேரிடர் முகமையையும் 2003 இல் அதனுள் அடக்கினர். பகைவனைத் தேடிய கண்கள் புயலைக் காண மறந்தன போலும்! 2005 இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்சின் கரைகள் உடைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வண்டியில்லா ஏழைகளே பெரும்பாலும் ஊருக்குள் சிக்கினர். காவல் பெருத்தால் மட்டும் பாதுகாப்புப் பெருகாது என்பது அங்கே கிடைத்த பாடம்.

இனி ஆலைகளுக்கு வருவோம். 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவில் நச்சுவாயு கசிந்தது. உள்ளே இருப்பது என்ன, கசிந்தால் எப்பக்கம் ஓடுவது என்று ஊராருக்கு எவரும் முன்னரே சொல்லிவைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1989 இல் அபாய வேதிப்பொருள் விதிகள் பிறந்தன. குறித்த அளவுக்குமேல் அத்தகைய பொருளைக் கையாளும் ஆலை, வளாகத்துக்குள் ஏற்படும் ஆபத்துக்குத் திட்டம் வகுக்க வேண்டும். வெளியே பரவினால் செய்ய வேண்டியதற்கு மாவட்ட நிர்வாகம் திட்டம் வகுக்க வேண்டும். 15 ஆம் விதியோ இன்னும் தெளிவானது: நேரக்கூடிய ஆபத்து எத்தகையது, செய்ய வேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்பதைச் சுற்றுப்புற மக்களுக்கு அறிவித்தாக வேண்டும். 1996 விதிகள் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுவைக் கேட்கின்றன. 2005 இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஆணையம் அமைத்தது. சட்டம் இல்லை என்று யார் சொன்னது? ஏட்டுச் சுரைக்காயாக ஏராளம் இருக்கிறது!

ஒரகடத்துச் சாலையோரத் தேநீர்க் கடையில் நிற்பவரைக் கேளுங்கள்: "உங்கள் ஊருக்கு நெருக்கடிக் குழு உண்டா? அதில் இருப்பவர் யார்?" விடை வருகிறதா பாருங்கள். இயந்திரம் நனைந்தால் காப்பீடு உண்டு. வாடகை அறையில் எண்மராய்ப் படுத்துறங்கும் தொழிலாளிக்கு ஓர் ஊதல் ஒலியின் பொருள்கூடத் தெரியாது என்றால், இதுவா முன்னேற்றம்?

இன்னொன்றும் சொல்வோம். இந்த ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், அசாமிலிருந்தும் வந்தவர் உழைக்கின்றனர். தாய்மொழி உரிமைக்குச் சிறை சென்ற மண் இது. தமிழனுக்குப் புரியாத மொழியில் ஆணையிடாதே என்று முழங்கிய நாம், ஒடியா மட்டும் அறிந்தவனுக்குத் தமிழில் மட்டும் எச்சரிக்கை விடுத்துவிட்டு உறங்கலாமா? நமக்கு ஒரு நீதி, நம்மிடம் பிழைக்க வந்தவனுக்கு ஒரு நீதி என்றால், நம் கொள்கை சாயம்போன துணி ஆகிவிடாதா?

ஆகவே கேட்கிறோம். உபரிநீர் ஓடும் வழியெங்கும் 2015 இன் நீர்மட்டத்தைக் கல்லில் பொறித்து நடுக. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே, அக்டோபர் 2 கிராம சபைகளிலும் நகராட்சிப் பகுதிகளிலும் வெள்ளத் திட்டத்தையும் ஆலைத் திட்டத்தையும் மக்கள் முன் படித்துக்காட்டுக. எந்தத் தெருவார் எந்தப் பள்ளிக்குச் செல்வது, நடக்க இயலாதவரைத் தூக்குவது யார் என்று பெயரோடு எழுதி ஒட்டுக. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைக் குழந்தையும் அறியச் செய்க. ஆண்டுக்கொரு முறை ஒத்திகை நடத்துக. உழைப்பவர் பேசும் மொழிகள் அனைத்திலும் அறிவிக்க.

மதகு திறக்கும் முன் கேட்பது பிச்சையன்று, உரிமை. தலைவிதியை நம்பிக் கைகட்டி நின்றது போதும். சட்டவிதியைக் கையில் ஏந்தி ஆட்சியர் அலுவலகப் படியேறுங்கள். எழுதியவன் எவனோ என்று ஏங்க வேண்டா. இந்த விதியை எழுதியவர் முகவரி நமக்குத் தெரியும்!