ஜான் கானருக்கு வயசு என்ன?

குருசுக்குப்பத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீக்கடை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இரண்டு பையன்கள் கிட்டத்தட்ட அடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். காதல் விவகாரமோ, கிரிக்கெட்டோ என்று நைசாகக் காதைக் கொடுத்தேன். இரண்டும் இல்லை. 'டெர்மினேட்டர்' படத்து ஜான் கானருக்கு வயசு பத்தா, பதிமூணா?

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, "ஏன் தம்பிங்களா, வேற வேலைவெட்டியே இல்லியா? அர்னால்டு என்ன உங்க சித்தப்பாவா?" என்றார். கடையே சிரித்தது. பையன்கள் கப்சிப்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் அந்தப் பெரியவரோடு சண்டை போட்டபடியே வீட்டுக்கு வந்தேன். மிச்சச் சண்டை இங்கே.

முதலில் வழக்கைப் பார்ப்போம். 1991-ல் வந்த இரண்டாம் பாகத்தில், போலீஸ் கம்ப்யூட்டரில் ஜானின் ஜாதகமே வரும். பிறந்தது 1985 பிப்ரவரி 28. வயசு 10. ஆக, கதை நடப்பது 1995-ல். இயந்திரங்கள் உலகத்தை அழிக்கப்போகும் நாள் 1997 ஆகஸ்ட் 29. அப்புறம் 2003-ல் மூன்றாம் பாகம் வந்தது. அதில் வளர்ந்துவிட்ட ஜான், தன்னைக் கொல்லப் பார்த்தபோது தனக்கு வயசு பதிமூன்று என்கிறான்.

மூணு வருஷம்தானே, போனால் போகட்டும் என்பீர்கள். போகாது சார்! 85-ல் பிறந்தவனுக்குப் பதிமூன்று நிறைவது 1998-ல். உலகம் அழியவேண்டிய தேதி அதற்கு முன்பே தாண்டிவிட்டது. அப்புறம் எந்த அழிவைத் தடுக்க அம்மாவும் பிள்ளையும் அந்த ஓட்டம் ஓடினார்கள்? ஒரே ஒரு வசனம், முந்தைய படத்தின் உயிரையே எடுத்துவிடுகிறது. கோடி கோடியாகக் கொட்டி எடுத்தவர்கள் கோட்டை விட்டதை, டி.வி-யில் விளம்பரங்களுக்கு நடுவே பார்த்த குருசுக்குப்பத்துப் பையன் பிடித்திருக்கிறான். யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும்?

'ஸ்டார் ட்ரெக்'கில் இன்னும் வேடிக்கை. 1982-ல் வந்த படத்தில் வில்லன் கான், செகாவைப் பார்த்ததும் உன் முகம் எனக்கு மறக்கவில்லை என்கிறான். கான் முதலில் தோன்றிய டி.வி. கதை 1967 பிப்ரவரியில் வந்தது. செகாவாக நடித்த வால்டர் கோனிக் அந்தத் தொடருக்குள் நுழைந்ததே அதற்குப் பிறகுதான்! ரசிகர்கள் கைவிட்டுவிடவில்லை. செகாவ் அப்போதும் கப்பலில்தான் இருந்தான், காமிரா பக்கம் வரவில்லை, அவ்வளவுதான் என்று படைத்தவர்களுக்காக இவர்களே வக்காலத்து வாங்கினார்கள். இதைவிட விசுவாசமான வாசகன் எந்த எழுத்தாளனுக்குக் கிடைப்பான்?

நம்மூருக்கு வருவோம். சுஜாதா எண்பதுகளில் விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா', 2021, 2022-ஐக் கற்பனை செய்த கதை. அந்த வருஷங்கள் நிஜமாகவே வந்தபோது நாம் என்ன கேட்டோம்? எது பலித்தது, எது பலிக்கலை என்று கிளி ஜோசியம் மாதிரி ஒரு கணக்கு. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும் என்றெல்லாம் அவர் போட்ட சட்டங்கள், 'மீண்டும் ஜீனோ' முடிகிறவரை முரணில்லாமல் நிற்கின்றனவா என்று எத்தனை பேர் சண்டை போட்டோம்? அதுவல்லவா அவருக்குச் செய்யும் மரியாதை!

அதிலும் தேதிக்காகச் சண்டை போடுகிறவனைக் கிண்டல் செய்ய இந்தப் புதுச்சேரிக்கு உரிமையே கிடையாது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால், சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்! நடுவில் எட்டு வருஷம் ஆண்டது இந்தியா, காகிதத்தில் இருந்தது பிரான்ஸ். எந்த சினிமா எடிட்டராலும் ஒட்டமுடியாத கன்டின்யுட்டி இது. எது நிஜமான விடுதலை நாள் என்று இங்கே எத்தனை மேடையில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார்கள்.

வெறும் மேடைப் பேச்சும் இல்லை. ஒப்பந்தம் அமலுக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்த ஒரு காகிதத்தால் அண்ணன் வீடு பிரான்ஸாகவும் தம்பி வீடு இந்தியாவாகவும் ஆன குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களிடம் போய் 'தேதிதானே' என்று சொல்லிப் பாருங்கள்.

ரசிகர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. வாதம் முற்றி 'நீ நிஜ ரசிகனே இல்லடா'வில் வந்து நின்றால் அது வெறும் ரவுடித்தனம். ஆனால், எனக்கு அதைவிட எரிச்சல், தப்பு பிடிபட்டதும் கம்பெனிகள் செய்யும் வேலை. 2019-ல் வந்த 'டார்க் ஃபேட்', மூன்றாம் பாகம் என்று ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் இரண்டாம் பாகத்திலிருந்து கதையைத் தொடர்ந்தது. கேட்டால் அது வேறு காலக்கோடு! போன தேர்தலில் பேசியதை இந்தத் தேர்தலில் மறந்துவிடும் நம் தலைவர்களுக்கும் இதே காலக்கோடுதான். "முன்னாடி வேற மாதிரி சொன்னீங்களே" என்று முகத்துக்கு நேரே கேட்க ஒரு பழக்கம் வேண்டும். அதை அந்தப் பையன்கள் அர்னால்டை வைத்துப் பழகுகிறார்கள், பழகட்டுமே.

மறுநாள் அதே கடை, அதே பெரியவர். சும்மா பேச்சுக் கொடுத்து, "அய்யாவுக்கு வயசு என்ன ஆவுது?" என்றேன்.

டீயை ஆற்றியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்டிபிகேட் படியா, நெசமாவா?"