அடுத்த உயர்விலிருந்து

"அடுத்த மாதம் தொடங்குவோம், சாமி." சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் மறுமொழி இது. சொல்பவர் பொய்யுரைப்பதில்லை. அடுத்த மாதம் வந்தவுடன் அதுவும் 'இந்த மாதம்' ஆகிவிடுகிறது, அவ்வளவே. இப்பலவீனத்தைக் கடிந்துகொள்ளாமல் அதனையே ஊழியத்திற்கு அமர்த்தியவர்கள் உண்டு.

ரிச்சர்ட் தேலர் (2017-இல் நோபல் பரிசு பெற்றவர்), ஷ்லோமோ பெனார்ட்ஸி ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் வகுத்த திட்டமொன்று, 1998-இல் அமெரிக்காவின் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் நடைமுறைக்கு வந்தது. முதுமைக்காகச் சேமிப்பது அங்கே தொழிலாளியின் விருப்பம். ஆலோசகர் ஒருவர் 286 பேரைச் சந்தித்து, சேமிப்பை உடனே உயர்த்துமாறு கூறினார். 79 பேரே இசைந்தனர். ஏனைய 207 பேரிடம் வேறொன்று கேட்கப்பட்டது: இன்று எதுவும் தரவேண்டாம், இனி ஊதியம் உயரும்போதெல்லாம் அதில் மேலும் 3 சதவிகிதம் சேமிப்பிற்குச் செல்லட்டும், வேண்டாமெனில் எப்போதும் விலகலாம். 162 பேர் ஒப்புக்கொண்டனர்!

கைக்கு வரும் தொகை குறையாததால் இழப்பு உறைக்கவில்லை. விலகுவதற்கோ முயற்சி வேண்டும். சோம்பல் அதற்கு இடந்தரவில்லை. 40 மாதங்களில், நான்கு உயர்வுகளுக்குப் பின், இவர்களுடைய சராசரிச் சேமிப்பு ஊதியத்தில் 3.5 சதவிகிதத்திலிருந்து 13.6 ஆயிற்று. அறிவுரையை உடனே ஏற்ற நல்ல பிள்ளைகளோ 4.4-இல் தொடங்கி 9-ஐத் தொட்டு, ஏறத்தாழ அங்கேயே நின்றுவிட்டனர்.

பிறருடைய சோம்பலைப் பயன்படுத்துவது நேர்மையா என்னும் ஐயம் நமக்கும் எழாமலில்லை. இங்கே அவர்கள் அறிந்தே இசைந்தனர். வாசலும் திறந்தே இருந்தது. எனவே வஞ்சகம் இல்லை என்பதே நம் கருத்து. ஆனால் கேளாமலே பெயரைச் சேர்த்துவிட்டு, 'விரும்பாதவர் விலகுக' என்னும் முறையும் உண்டு. பிரிட்டன் 2012 முதல் இதனைச் சட்டமாகவே கொண்டுள்ளது. சேர்வோர் தொகை பெருகுகிறது, மெய்தான். எனினும் பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே என்போர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எச்சரிக்கை தருகிறது. அவர்கள் ஆராய்ந்த அமெரிக்க நிறுவனம் 3 சதவிகிதம் என்று குறித்திருந்தது. பலர் அந்த எண்ணிலேயே தங்கிவிட்டனர். தாமாகச் சேர்ந்திருந்தால் கூடுதலாகச் சேமித்திருக்கக் கூடியவர்களும் அவர்களுள் இருந்தனர். படிவத்தில் அச்சிட்ட எண்ணைப் பெரியோர் வாக்காகவே எடுத்துக்கொண்டார்கள் போலும்! அதை அச்சிட்டவர் அவ்வளவு சிந்தித்தாரோ?

இன்னொன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. ஊதிய உயர்வு என்பதையே காணாத தினக்கூலிக்கு, 'அடுத்த உயர்விலிருந்து' என்று யார் சொல்ல முடியும்?