பழைய மெஷினே போதும் என்பவர்களுக்கு

ஓய்வு பெற்றபின் மரவேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் உடனே ஒரு யோசனை சொல்வார். "புதுசு எதுக்கு சார்? கத்துக்கத்தானே? காந்தி வீதி ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்குப் போங்க, பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும்." கேட்பதற்குச் சிக்கனமாகத்தான் இருக்கிறது. நான் இதைக் கெட்ட யோசனை என்கிறேன். பழைய மின்கருவியை வாங்கத் தகுதியுள்ளவர் அனுபவஸ்தர், கற்றுக்குட்டி அல்ல. ஆனால் நடப்பது தலைகீழ். தொழில் தெரிந்த ஆசாரி புதுசு வாங்குகிறார். ஒன்றும் தெரியாத நாம் அவர் கழித்துப் போட்டதை வாங்குகிறோம்.

என்னைப்போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் பயன்படுத்திய சாமானை அந்த மொழியில் 'ஒக்காசியோன்' என்பார்கள். அதே சொல்லுக்குச் சந்தர்ப்பம் என்றும் பொருள். யாருக்குச் சந்தர்ப்பம், விற்பவருக்கா வாங்குபவருக்கா என்பதை அகராதி சொல்லவில்லை.

நான் பழசுக்கு விரோதி அல்லன். பழைய இழைப்புளி, பழைய உளி, பழைய ரம்பம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும். துரு பிடித்திருக்கிறதா, வாய் மழுங்கியிருக்கிறதா, பிடி ஆடுகிறதா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். மோட்டார் அப்படியல்ல. கார்பன் தேய்ந்திருக்கும், பேரிங் போயிருக்கும், சுருளில் ஒரு பக்கம் கருகியிருக்கும். வெளியே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷம் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

அரசு அலுவலகத்தில் ஒரு பழைய டைப்ரைட்டரைக் கழிப்பதென்றால்கூட நாங்கள் ஒரு பட்டியல் தயாரிப்போம். எந்த வருஷம் வாங்கியது, அன்றைய விலை என்ன, என்ன கோளாறு, பழுது பார்த்தால் எவ்வளவு ஆகும். அதன் பிறகுதான் ஏலம். எங்கள் சிவப்பு நாடாவைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அந்த டைப்ரைட்டரை ஏலத்தில் எடுத்தவருக்குத் தான் எதை எடுக்கிறோம் என்று தெரியும். தெருவோரத்தில் விரித்த சாக்கின் மேல் கிடக்கும் மெஷினுக்குப் பட்டியலும் இல்லை, பில்லும் இல்லை. ஏதோ ஒரு கட்டட வேலையில் கூலிக்காரர் ஒருவரிடமிருந்து திருடு போனதாகவும் இருக்கலாம். அவருடைய சோறு அதில்தான் இருந்திருக்கும்.

இவை எல்லாம்கூடப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம், போனால் போகிறது. என் கோபம் வேறு ஒன்றைப் பற்றியது. கல் வெட்டும் நாலு அங்குல கட்டிங் மெஷினை ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் கவிழ்த்துத் திருகியிருப்பார்கள். பலகையில் ஒரு பிளவு. அதன் வழியே பற்கள் வைத்த பிளேடு மேலே எட்டிப் பார்க்கும். இதற்கு 'டேபிள் சா' என்று பெயர் சூட்டி, "வீட்டு வேலைக்கு இது தாராளம் சார்" என்று விற்கிறார்கள். இதை வாங்காதீர்கள். இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏன் என்றால், கல் வெட்டும் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 12,000 சுற்றுச் சுற்றும். மரம் அறுக்கவென்றே செய்த ஏழு அங்குல ரம்ப மெஷின் சுற்றுவது 5,000 அளவில்தான். மர மெஷினில் பிளேடை மூடும் கவசம் இருக்கும், மெஷினை எடுத்தவுடன் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும். முறையான டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும், அறுபட்ட பிளவு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள. கவிழ்த்த மெஷினில் இரண்டும் இல்லை. பிளவு மூடி பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வினால், அங்கே மேலெழும் பற்கள் கட்டையைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். கட்டை போய்விடும். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடின் மேல் விழும். சுவிட்ச் பலகைக்கு அடியில், அதுவும் நிரந்தரமாக அழுத்திப் பூட்டிய நிலையில். குனிந்து தேடி அணைப்பதற்குள் என்ன மிஞ்சும்?

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பேத்திக்கு ஊஞ்சல் பலகை செய்யவென்று இப்படி ஒன்று வாங்கினார். இடது கை ஆள்காட்டி விரலில் இப்போது ஒன்றரைக் கணு இல்லை. மெஷின் மலிவாகக் கிடைத்தது என்றுதான் இன்றும் சொல்கிறார். மனிதர் கணக்கு அப்படி!

"மூடி தொந்தரவு சார், அதான் கழட்டிட்டோம்" என்பார் விற்பவர். தொழிலில் நாற்பது வருஷம் பழகிய கை அப்படிக் கழற்றி வேலை செய்கிறது என்பது உண்மைதான். அந்தக் கைகளில் எத்தனைக்கு முழுசாக விரல் இருக்கிறது என்று அடுத்த முறை ஆசாரி வீட்டுக்கு வந்தால் கவனியுங்கள்.

பிடிவாதமாகப் பழசுதான் என்பவர்கள் டிரில்லிங் மெஷின், சாண்டர், ஜிக்சா இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். அவற்றிலும் முதலில் படிக்க வேண்டியது உடம்பில் ஒட்டிய தகடு. கப்பலிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த சரக்கு சந்தைக்கு வருகிறது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் 230-இல் சொருகினால் புகைதான். பிரான்சிலிருந்து வந்தது என்றால் வோல்ட் சரியாக இருக்கும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். தகடே இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பிறகு ஒயரைக் கழற்றிவிட்டு டிரில்லின் வாயைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. ஓடும்போது காற்றுத் துவாரத்தின் வழியே சிறு நீலப் பொறி தெரிவது சகஜம். நெருப்பு வளையமாகச் சுற்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றியிருந்தாலும் அப்படியே. பேட்டரி மெஷின் பழசாக வாங்கவே வேண்டாம், விலையில் பெரும்பகுதி பேட்டரிக்குத்தான், அது எவ்வளவு செத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது.

இதெல்லாம் நமக்குத் தெரியாது என்றால் தெரிந்த ஆசாரியை அழைத்துப் போங்கள். அரை நாள் கூலி கொடுங்கள். காசு கொடுக்காமல் நட்புக்காக அழைத்துப் போகும் வழக்கமும் நம்மிடம் உண்டு, அது வேண்டாம்.

"பென்ஷன்காரர், உங்களுக்குப் பேச்சு சுலபம்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நல்ல டிரில்லிங் மெஷின் புதிதாகவே மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, வாரண்டியோடு. அது முடியாதென்றால் ஒரு கைரம்பமும் இரண்டு உளியும் வைத்துக்கொண்டு ஆறு மாசம் வேலை பழகலாம். ஊஞ்சல் பலகைக்கு நாலு அறுப்பு. கையால் அறுத்தால் ஒரு காலை வேளை ஆகும். ஓய்வு பெற்ற நமக்கு அதற்குமேல் என்ன அவசரம்?