ஆன்-ரோடு விலைன்னு ஒரே நம்பர் சொன்னா தலையாட்டாதீங்க!

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆச்சு, கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. அடுத்து மனசுல வர்றது ஒரு வண்டி. தினமும் ஆபீஸ் போறதுக்கு இருக்கவே இருக்கு பஸ்ஸும் பழைய ஸ்கூட்டரும். இது சனி, ஞாயிறுக்கான வண்டி. ஏற்காட்டோட 20 கொண்டை ஊசி வளைவும் கொல்லிமலையோட 70 வளைவும் ஏறி இறங்க ஒரு 350 சிசி பைக், இல்லைன்னா குடும்பத்தோட போக ஒரு சின்ன எஸ்யூவி. ஆசைப்படுறதுல தப்பே இல்லை. ஆனா அந்த ஆசைக்கு நடுவுல ஷோரூம்காரங்க சேர்க்கிற சார்ஜுகளை எத்தனை பேர் படிச்சுப் பார்க்கிறோம்?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கார் வாங்கும்போது "எவ்வளவு டிஸ்கவுண்ட் தருவீங்க?"ன்னு கேட்கிறதை இரண்டாவதா வச்சுக்கோங்க. முதல் கேள்வி, "இந்த ஆன்-ரோடு விலையில என்னென்ன இருக்கு, வரி வரியா எழுதிக் கொடுங்க." பத்தாயிரம் டிஸ்கவுண்ட் கொடுத்துட்டு நாற்பதாயிரத்தை வேற பேர்ல வாங்கிக்கிறது ரொம்ப சுலபம். ஒரே நம்பரா பார்த்தா அது கண்ணுக்கே தெரியாது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி வாங்குறவங்களைப் பாருங்க. சேஸிஸுக்கு ஒரு விலை, பாடி கட்ட ஒரு விலை, டயர், இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் தனித்தனியா பேசுவாங்க. "மொத்தமா இவ்வளவு ஆகும்"னு சொன்னா எந்த லாரி ஓனரும் பேனாவை எடுக்க மாட்டார். அதே ஊர்ல பிறந்த நாம, ஏசி ஷோரூம்ல ஒரு காபி கொடுத்ததும் கையெழுத்துப் போடறோம்.

ஒரு மாதிரி கொட்டேஷன்

நாலு மீட்டருக்குக் குறைவான, 1200 சிசி பெட்ரோல் எஸ்யூவின்னு வச்சுக்குவோம். கணக்கு புரியறதுக்காக நான் போட்ட எண்கள் இவை.

- எக்ஸ்-ஷோரூம் விலை: 9,80,000
- ஆயுள் வரி 13%: 1,27,400
- பதிவுக் கட்டணம், கடன் பதிவு, ஸ்மார்ட் கார்டு: 2,300
- இன்சூரன்ஸ்: 52,000
- ஹேண்ட்லிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ்: 8,500
- எசென்ஷியல் கிட்: 24,000
- கூடுதல் வாரண்டி: 18,000
- பெயின்ட் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங்: 12,000
- ஃபாஸ்டேக்: 600

மொத்தம் 12,24,800. இதுல முதல் மூணு வரி 11,09,700 ரூபாய். சாலைப் பாதுகாப்பு வரி மாதிரி சின்னச் சின்ன அரசுத் தொகை இன்னும் கொஞ்சம் வரும். மிச்சம் இருக்கிற 1,15,100-ல சட்டப்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் ஃபாஸ்டேகும்தான். ஆக, ஒரு லட்சத்துக்கு மேல நீங்க பேசக்கூடிய பணம்.

அந்த ஒரு லட்சத்தையும் லோன்லயே சேர்த்துட்டா? 9.5% வட்டி, 7 வருஷம்னா மாசம் சுமார் 1,634 ரூபாய். முடியும்போது 1.37 லட்சம் கட்டியிருப்பீங்க. சீட் கவருக்கு ஏழு வருஷம் வட்டி!

பேச முடியாதது: அரசுக்குப் போற பணம்

இதுல பேரம் கிடையாது. ஆனா சரிபார்க்கணும். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுள் வரி உயர்ந்தது. காருக்கு 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%. பைக்குக்கு 1 லட்சம் வரை 10%, அதுக்கு மேல 12%.

இந்த 10 லட்சம் கோட்டைக் கவனிங்க. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலை 20,000 கூடினதுக்கு வரி மட்டும் 53,100 கூடுது. "இன்னும் இருபதாயிரம் போட்டா சன்ரூஃப் வேரியன்ட் வந்துடும் சார்"னு சொல்லும்போது இந்தக் கணக்கை மனசுல போட்டுப் பாருங்க. 10 லட்சத்தைத் தாண்டினா 1% டிசிஎஸ் வேற பிடிப்பாங்க. அது செலவு இல்லை, உங்க பான் எண்ல வரவாகுற வரி. ரிட்டர்ன் தாக்கல்ல கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்டா வரும். ஆபீஸ்ல சொல்லி, சம்பளத்துல பிடிக்கிற வரியிலயே சரிக்கட்டவும் 2024 அக்டோபர்லேர்ந்து வழி இருக்கு. நிறைய பேர் இதை மறந்தே போயிடறாங்க.

பதிவுக் கட்டணம் காருக்கு 600, பைக்குக்கு 300. லோன்ல எடுத்தா அதைப் பதிய காருக்கு 1,500, பைக்குக்கு 500. ஸ்மார்ட் கார்டு 200. "ஆர்டிஓ செலவு 7,500"னு கொட்டேஷன்ல இருந்தா, "அரசு ரசீது எவ்வளவுக்கு வரும்?"னு கேளுங்க. ரசீதுல இல்லாத பணம் ஆர்டிஓ பேர்ல வாங்கப்படுது, அவ்வளவுதான்.

ஹேண்ட்லிங் சார்ஜ்: இதுல நான் கறார்

"ஸ்டாக்யார்டுல இருந்து வண்டியைக் கொண்டு வரணும், வாஷ் பண்ணணும், ஆர்டிஓ பேப்பர் பார்க்கணும், அதுக்குத்தான்"னு சொல்வாங்க. எக்ஸ்-ஷோரூம்னாலே ஷோரூம்ல வச்சு ஒப்படைக்கிற விலை. அங்க கொண்டு வர்ற செலவை மறுபடியும் எதுக்குக் கேட்கணும்? புது வண்டியைப் பதிவு பண்ண விண்ணப்பிக்கிற வேலையை 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டமே டீலர் பொறுப்புன்னு வச்சிருக்கு. அந்தச் சட்டத்துல ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு கட்டணமே கிடையாது.

அதனால மரியாதையா, தெளிவா கேளுங்க: "அண்ணா, இது அரசுக் கட்டணமா, உங்க கட்டணமா? உங்களோடதுன்னா எடுத்துடுங்க. எடுக்க முடியாதுன்னா, எந்தச் சேவைக்குன்னு ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுங்க." பல இடத்துல பில் கேட்டதுமே அந்த வரி காணாமப் போயிடும்.

இன்சூரன்ஸ்: பெரிய பணம் இங்கதான்

2018 செப்டம்பர்லேர்ந்து புது காருக்கு 3 வருஷம், பைக்குக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அதோட பிரீமியத்தை அரசே நிர்ணயிக்குது. 2022 ஜூன் அறிவிப்புப்படி 1000 முதல் 1500 சிசி காருக்கு 3 வருஷத்துக்கு 10,640 ரூபாய், 150 முதல் 350 சிசி பைக்குக்கு 5 வருஷத்துக்கு 7,365 ரூபாய். மேல 18% ஜிஎஸ்டி. இந்தப் பகுதி எங்க எடுத்தாலும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது சொந்த சேதத்துக்கான பகுதியிலயும், ஜீரோ டெப்ரிசியேஷன் மாதிரி கூடுதல் கவர்கள்லயும்.

டீலர் கொடுத்த கொட்டேஷனை வாங்கி, அதே ஐடிவி, அதே கவர்களோட ஆன்லைன்ல இரண்டு கம்பெனியில விலை பாருங்க. ஐடிவி-யைக் குறைச்சுட்டு ஒப்பிடாதீங்க. வண்டி திருடு போனா கைக்கு வர்ற பணம் அதுதான். அந்த விலைகளைக் காட்டினாலே டீலரே இறங்கி வருவார், ஏன்னா அவருக்கும் அதுல கமிஷன் இருக்கு. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது"ன்னு சொன்னா, "உங்க சர்வீஸ் சென்டர் எந்தெந்தக் கம்பெனி நெட்வொர்க்ல இருக்கு?"ன்னு கேளுங்க. கேஷ்லெஸ் கிடைக்கிறது அந்த நெட்வொர்க்கைப் பொறுத்தது. பாலிசியை யார்கிட்ட வாங்கினீங்கங்கிறதைப் பொறுத்தது இல்லை.

ஏற்கனவே உங்க பேர்ல 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தா, இந்த வண்டிக்கும் அதை வாங்கத் தேவையில்லை. பழைய காரைக் கொடுத்துட்டு புதுசு எடுத்தா, சேர்த்து வச்ச நோ கிளெய்ம் போனஸைப் புது காருக்கு மாத்திக்கலாம். இது இரண்டையும் நீங்க கேட்காம யாரும் சொல்ல மாட்டாங்க.

கிட், கோட்டிங், வாரண்டி

ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் சேலம் கடைகள்ல தனியா விலை விசாரிச்சுட்டு வாங்க. ஷோரூம் கிட்ல எது வேணுமோ அதை மட்டும் டிக் அடிங்க. புது வண்டி தொழிற்சாலையிலேயே பெயின்ட், துரு தடுப்பு எல்லாம் முடிஞ்சுதான் வருது, டெலிவரி அன்னைக்கே கோட்டிங் போட அவசரமில்லை. கூடுதல் வாரண்டியை நான் குறை சொல்ல மாட்டேன், ஏழெட்டு வருஷம் வச்சிருக்கப் போறீங்கன்னா நல்ல விஷயம். ஆனா பல கம்பெனிகள்ல முதல் வாரண்டி முடியறதுக்குள்ள எப்ப வேணாலும் எடுக்கலாம். தள்ளிப்போட்டா விலை எவ்வளவு கூடும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பைக் வாங்குறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: வண்டியோட ஐஎஸ்ஐ ஹெல்மெட் கொடுக்கணும்கிறது மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. அதை "ஆஃபர்"னு சொன்னா சிரிச்சுட்டு வாங்கிக்கோங்க.

லோன் டேபிளுக்குப் போனா

"வட்டி வெறும் 8%தான்"னு சொன்னா, "ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"ன்னு கேளுங்க. 5 வருஷத்துக்கு 8% ஃப்ளாட்னா உண்மையான வட்டி 14% பக்கம் வரும். 2024 அக்டோபர்லேர்ந்து சில்லறைக் கடன் எல்லாத்துக்கும் ஒரு முக்கிய விவரத் தாளை வங்கி கொடுத்தே ஆகணும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி அதுல இருக்கும். உங்க சம்பளம் வர்ற வங்கியில முதல்ல ஒரு ஆஃபர் வாங்கிட்டு ஷோரூமுக்குப் போங்க.

"பத்து லட்சம் வண்டிக்கு எட்டாயிரத்துக்கா சண்டை?"

கமெண்ட்ல இதைத்தான் கேட்பீங்கன்னு தெரியும். பெரிய தொகைக்கு முன்னாடி சின்ன தொகை ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியறது மனுஷ இயல்பு. அதை நம்பித்தான் இந்த வரிகளே எழுதப்படுது. அதே எட்டாயிரத்தை எஸ்ஐபி-யில போடச் சொன்னா, "இந்த மாசம் டைட்டுங்க"ன்னு சொல்றவங்கதானே நாம?

இன்னொரு பக்கமும் இருக்கு. டீலருக்கு வண்டியில கிடைக்கிற மார்ஜின் பெருசில்லை. வாடகை, ஸ்டாக்குக்கு வட்டி, சம்பளம்னு செலவு இருக்கு. எதிர்ல உட்கார்ந்திருக்கிற சேல்ஸ் பையனும் நம்மை மாதிரி சம்பளக்காரர்தான், ஆக்சஸரீஸ் டார்கெட் அவர் தலையில இருக்கு. அவர்கிட்ட குரல் உயர்த்தாதீங்க. அவரால குறைக்க முடியலைன்னா, "மேனேஜர்கிட்ட பேசலாமாங்க?"ன்னு கேளுங்க. டீலர் லாபம் பார்க்கட்டும். நமக்கு வேண்டிய பொருளுக்கு, பேர் போட்ட பில்லுக்கு லாபம் பார்க்கட்டும். பேர் தெரியாத வரிக்கு நாம ஏன் கொடுக்கணும்?

போறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க

1. சேலம், நாமக்கல், ஈரோடுன்னு குறைஞ்சது மூணு டீலர்கிட்ட ஒரே வேரியன்ட்டுக்கு வரி வரியா கொட்டேஷன் வாங்குங்க.
2. கொட்டேஷன் வந்த அன்னைக்கே அட்வான்ஸ் கட்டாதீங்க. கட்டினா, கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்பும்னு எழுத்துல வாங்குங்க.
3. நம்ம ஊர்ல ஆடி மாசம் பலர் வண்டி எடுக்க மாட்டாங்க, ஷோரூம் காலியா இருக்கும். ஆடியில பேசி முடிச்சு ஆவணியில எடுக்கலாம். பேசின விலை பில் போடற தேதி வரை செல்லும்னு எழுதி வாங்கணும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போனா உங்க பேச்சை யாரு கேட்பா?
4. கட்டுற ஒவ்வொரு ரூபாயும் பேங்க் வழியா போகட்டும். "இது மட்டும் கேஷா கொடுங்க"ன்னா அங்கயே நிறுத்துங்க.
5. ஒத்துக்காத சார்ஜை வற்புறுத்தி வாங்கினா, பில்லை வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பண்ணுங்க.

எழுந்து வெளிய போகத் தயாரா இருந்தாதான் பேரம் பேச முடியும். அதே வண்டி, அதே கலர், அடுத்த ஊர் ஷோரூம்லயும் இருக்கு. இந்த வாரம் கொட்டேஷன் வாங்கியிருக்கீங்கன்னா, பேர், நம்பரை மறைச்சுட்டு அதுல இருக்கிற வரிகளை மட்டும் கமெண்ட்ல போடுங்க. எது அரசுக்கு, எது டீலருக்குன்னு சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.